கப்பல் பெயரோடு நின்றுவிடும் நினைவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 4 கடற்படை நாளை ஒட்டி, ஓய்வுபெற்ற கடற்படையினரின் நினைவுகளை நாளிதழ்கள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. ஊர் ஊராகப் போய் வயதானவர்களைப் பேச வைத்து எழுதுவது நல்ல காரியம். அதைக் குறை சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. எழுதும் முறையில் இரண்டு பெரிய விடுபடல்கள் இருக்கின்றன, அவற்றைச் சரிசெய்ய இன்னும் கொஞ்ச காலம்தான் மிச்சம் இருக்கிறது என்று சொல்லவே எழுதுகிறேன். 1971 போரின்போது 20 வயதில் இருந்தவருக்கு இப்போது 70-ஐத் தாண்டிவிட்டது. அவர் மனைவிக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

முதல் விடுபடல், கப்பலில் அவர் செய்த வேலை. 'விக்ராந்தில் இருந்தார், போரில் பங்கேற்றார்' என்ற வரியோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. அந்த விமானம் தாங்கிக் கப்பலில் இருந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். விமானம் பறந்ததைப் பார்த்தவர்கள் ஒரு சிலர். பெரும்பாலானவர்கள் மேல்தளத்துக்குக் கீழே கொதிகலன் அறையிலும் எந்திர அறையிலும் மின்சாரப் பிரிவிலும் சமையல் கட்டிலும் இருந்தார்கள். இரண்டாவது விடுபடல், அதே நாட்களில் நடந்த இல்லறம். திருமணமான முதல் ஐந்தாறு ஆண்டுகளை அந்தப் பெண் எங்கே, எதை வைத்து, எப்படி ஓட்டினார் என்று யாரும் கேட்பதில்லை. 'மனைவியின் ஒத்துழைப்பு மறக்க முடியாதது' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

கேட்பவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே நீராவிக் கப்பல் காலத்து எந்திரப் பிரிவில் வேலை எப்படி நடந்தது, கரையில் குடும்பம் எப்படி நடந்தது என்று சில விவரங்களைத் தருகிறேன். இவற்றைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் பெரியவர்கள் தானாகப் பேசுவார்கள்.

முதலில் 'வாட்ச்' என்ற பணி முறை. கடலில் ஒரு நாளை நான்கு மணி நேரத் துண்டுகளாகப் பிரிப்பார்கள். நள்ளிரவு 12 முதல் 4 வரை மிடில் வாட்ச், 4 முதல் 8 மார்னிங், 8 முதல் 12 ஃபோர்நூன், 12 முதல் மாலை 4 ஆஃப்டர்நூன், இரவு 8 முதல் 12 ஃபர்ஸ்ட் வாட்ச். மாலை 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாக உடைத்து 'டாக் வாட்ச்' என்பார்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நாளை ஆறாகப் பிரித்தால், முறை மாற்றி வேலை பார்க்கும் மூன்று குழுக்களுக்கும் தினமும் ஒரே நேரம்தான் விழும்; ஒரு குழு என்றென்றும் நள்ளிரவில் எழுந்துகொண்டிருக்க வேண்டியதுதான். ஏழாகப் பிரித்தால் முறை ஒவ்வொரு நாளும் நகரும். 'ராத்திரியும் பகலும் வேலை' என்று பொதுவாகச் சொல்பவரிடம் 'மிடில் வாட்ச் முடிந்து வந்தால் எத்தனை மணிக்கு எழுப்புவார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். தூக்கம் எப்படித் துண்டு துண்டாக இருந்தது, மற்ற வேலைகளுக்கு நடுவே அதை எங்கே பிடித்தார்கள் என்று கதை வரும்.

அடுத்தது கொதிகலன் அறை. வெப்ப மண்டலக் கடலில் அங்கே வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போகும். உப்பு மாத்திரையும் எலுமிச்சைத் தண்ணீரும் அங்கே மருந்து. கொதிகலனைக் கவனிக்கும் ஸ்டோக்கரின் கண் முக்கியமாக இரண்டு இடங்களில் இருக்க வேண்டும்: தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடியில், புகையில்.

தண்ணீர்க் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போகிற விஷயம் அது. கொதிகலனில் தண்ணீர் குறைந்தால் குழாய்கள் தீயில் வெறுமனே காய்ந்து பிளக்கும். கூடினால் நீராவியோடு தண்ணீரும் சேர்ந்து, நீராவியால் சுழன்று கப்பலை ஓட்டும் டர்பைனுக்குள் பாய்ந்து அதன் இதழ்களைச் சிதைக்கும். எனவே மட்டம் எப்போதும் கண்ணாடியின் நடுவில் தெரிய வேண்டும். ஆபத்து எங்கே என்றால், கண்ணாடி முழுக்கத் தண்ணீர் நிறைந்திருந்தாலும், முழுக்கக் காலியாக இருந்தாலும், பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுமே வெறும் தெளிந்த கண்ணாடிதான். கோடு காணாமல் போனால் அது மேலே போய்விட்டதா, கீழே போய்விட்டதா என்று ஊகிக்கக் கூடாது. கண்ணாடியின் அடியில் இருக்கும் வடிகுழாய்த் திருகைத் திறந்து, மேல் திருகையும் கீழ்த் திருகையும் ஒவ்வொன்றாக மூடித் திறந்து, வருவது நீராவியா தண்ணீரா என்று சோதித்த பிறகே அடுத்த காரியம். காலி என்று தெரிந்தால் உடனே கொதிகலனில் எரியும் எண்ணெயை நிறுத்த வேண்டும். பதறிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. பழுக்கக் காய்ந்த குழாயில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு பழைய ஸ்டோக்கரிடம் கேளுங்கள். கையை ஆட்டிக்கொண்டே சொல்வார்.

புகையும் அப்படித்தான். புகைபோக்கியில் கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, எண்ணெய் முழுதாக எரியவில்லை. வெண்புகை வந்தால் காற்று அதிகம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத லேசான பழுப்பு மங்கல்தான் சரியான அளவு. கரும்புகை என்றால் அமைதிக் காலத்தில் மேல்தளமெல்லாம் கரி படியும். போர்க்காலத்தில் கப்பல் அடிவானத்துக்கு அப்பால் இருக்கும்போதே புகை காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் மேலிருந்து குழாய் வழியாகக் குரல் வரும். கீழே ஓடி விசிறியைக் கூட்டுவார்கள், அல்லது எண்ணெயைத் துளியாகத் தெளிக்கும் ஸ்பிரேயர் அடைத்துக்கொண்டால் அதை வெளியே இழுத்து, நுனியில் இறுகிய கரியைச் சுரண்டி, மறுபடி பொருத்துவார்கள்.

குடிநீர்ப் பங்கீட்டைப் பற்றி எல்லாருமே சொல்வார்கள், காரணத்தை யாரும் எழுதுவதில்லை. நன்னீர் கடல் நீரைக் காய்ச்சி வடித்துத்தான் கிடைக்கும். அதில் முதல் பங்கு கொதிகலனுக்கு, மிஞ்சியதுதான் மனிதனுக்கு. கொதிகலனுக்கு வடித்த நீரே வேண்டும். டர்பைனிலிருந்து வெளியேறும் நீராவியைக் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்கும் கண்டென்சரில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள், அவற்றுக்குள் கடல் நீர் ஓடும். அந்தக் கலத்துக்குள் வெற்றிடம் இருப்பதால் ஒரு குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் உப்பு நீரை உள்ளே உறிஞ்சிவிடும். அதைக் கண்டுபிடிக்கும் முறையைக் கேட்டால் பெரியவர் முகம் மலரும்: சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, சில துளி சில்வர் நைட்ரேட் விட வேண்டும். தெளிவாக நின்றால் நல்லது. பால் போலக் கலங்கினால் உப்பு கலந்துவிட்டது, எந்தக் கண்டென்சர் என்று தேட வேண்டும். ஒவ்வொரு வாட்ச்சிலும் நடந்த வேலை இது. வெடித்த ஏவுகணையை விட, கலங்காமல் நின்ற அந்தத் துளிக்காக நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள்தான் கப்பலில் அதிகம்.

1971-இல் விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். மற்ற மூன்றை வைத்து, குறைந்த வேகத்தில்தான் அது வங்காள விரிகுடாவில் இயங்கியது. விமானம் ஏவக் கப்பலின் வேகம் தேவை என்பதால் அது எவ்வளவு பெரிய தடை என்று கீழே நின்றவர்களுக்குத் தெரியும். காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய விமானங்களைப் பற்றி எழுதும்போது அந்த மூன்று கொதிகலன்களின் முன்னால் நின்றவர்களையும் எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இனி கரை.

கடலோடியின் இல்லறத்தில் முதல் கேள்வி பணம். கப்பல் எப்போது துறைமுகம் திரும்பும் என்பது தெரியாது. கையில் சம்பளம் வாங்கி, தானே மணியார்டர் கட்டலாம் என்று இருந்தவர்களின் வீட்டில், கப்பல் வெளியே போன மாதம் அடுப்பு எரியாது. அதற்குத்தான் 'அலாட்மென்ட்' என்ற ஏற்பாடு. மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டால், கரையில் இருக்கும் சம்பள அலுவலகம் அதைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடும். கப்பல் எங்கே இருந்தாலும் தொகை நிற்காது. புது மணமகன் இதில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. திருமணத்துக்கு முன் அம்மா பெயரில் இருந்த அலாட்மென்ட்டை முழுவதும் மனைவிக்கு மாற்றினால் ஊரில் பிரச்சினை. பிரிக்காமல் விட்டால் மருமகள் ஒவ்வொரு தேவைக்கும் மாமியாரிடம் கை நீட்ட வேண்டும். எப்போது, எந்த விகிதத்தில் பிரித்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் முதல் ஐந்து ஆண்டு வரலாறு. பெண்களிடம் கேட்டால் தொகை உட்பட நினைவு வைத்திருப்பார்கள்.

அடுத்தது கடிதம். உறையில் துறைமுகத்தின் பெயரை எழுத முடியாது. தனி எண், பதவி, பெயர், கப்பல் பெயர், அதன் கீழ் 'ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பம்பாய்' என்று எழுத வேண்டும். தனி எண் விட்டுப் போனால் ஒரே பெயருள்ள இன்னொருவர் கைக்குப் போய்விடும். கப்பல் அடுத்த துறைமுகம் சேரும் வரை கடிதங்கள் காத்திருந்து, கட்டாகக் கிடைக்கும். எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்ற கடிதத்துக்கு முன்பே, குணமாகிவிட்டது என்ற கடிதத்தைப் பிரித்துவிடலாம். அதற்கு நேர்மாறாகவும் ஆகலாம். இதற்காகவே பல தம்பதிகள் ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் வரிசை எண் போட்டார்கள். பழைய இன்லண்ட் உறைகளில் மூலையில் வட்டமிட்ட எண் இருந்தால் அது இதுதான், யாரும் கணக்குப் போட்டுப் பார்த்தது அல்ல. கடிதம் எழுதத் தெரியாத பெண்களுக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள், எதை அவர்களிடம் சொல்ல முடியாமல் விழுங்கினார்கள் என்பதையும் மென்மையாகக் கேட்க வேண்டும்.

பயணம் தனி அத்தியாயம். திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துப் பெண் பம்பாய்க்குப் போக வேண்டுமானால் மீட்டர்கேஜ் ரயிலில் எழும்பூர் வந்து, பெட்டி படுக்கையோடு சென்ட்ரலுக்கு மாறி, அங்கிருந்து அகலப் பாதை ரயில் பிடிக்க வேண்டும். தகரப் பெட்டி, சுருட்டிய படுக்கை, ஊறுகாய் ஜாடி, அம்மிக்கல்கூட எடுத்துப் போனவர்கள் உண்டு. டிக்கெட்டுக்குப் பதிலாகக் கடற்படை தரும் ரயில்வே வாரண்ட் கணவர் கையில் இருக்கும், அவரோ கடலில். அதனால் முதல் பயணத்தை அண்ணனோடோ மாமனாரோடோ செய்த பெண்கள்தான் அதிகம்.

போய்ச் சேர்ந்த பிறகு இடம். குடும்பக் குடியிருப்பு எண்ணிக்கை குறைவு, காத்திருப்புப் பட்டியல் நீளம். அதுவரை வெளியே அறை. பம்பாயில் செம்பூர், காட்கோபர், குர்லா பக்கம். விசாகப்பட்டினத்தில் மல்காபுரம் பக்கம். கொச்சியில் தேவரா, தோப்பும்படி பக்கம். இங்கே ஒரு சின்னக் காகிதம் குடும்பத்தையே ஆட்டிவைக்கும்: ரேஷன் கார்டு. ஊரில் இருக்கும் கார்டிலிருந்து பெயரை நீக்கி, அதற்கான சான்றை வாங்கி வந்து கொடுத்தால்தான் புது ஊரில் பெயர் ஏறும். அது ஏறாத வரை மண்ணெண்ணெயும் சர்க்கரையும் கிடைக்காது, வெளிச்சந்தை விலைதான். பெண் வீட்டுக் கார்டில் பெயர் இருந்ததா, மாப்பிள்ளை வீட்டுக் கார்டில் ஏற்றிய பிறகு நீக்கினார்களா என்பதில் மாதக்கணக்கில் இழுபடும்.

மண்ணெண்ணெய் கிடைத்தபின் பம்ப் ஸ்டவ். ஸ்டவ்வின் நாசில் ஊசித்துளை அடைத்தால் நீலச் சுடர் போய் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியெல்லாம் கரி ஏறும். மெல்லிய பின் விட்டுக் குத்த வேண்டும். பம்பின் தோல் வாஷர் காய்ந்து போனால் எவ்வளவு அடித்தாலும் அழுத்தம் ஏறாது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். கப்பலின் அடித்தளத்தில் கணவர் ஸ்பிரேயரோடு செய்துகொண்டிருந்ததைத்தான் பத்தடி அறையில் மனைவி ஸ்டவ்வோடு செய்துகொண்டிருந்தார்: எண்ணெயைத் துளியாக்கு, காற்றைச் சரியாகக் கொடு, கரும்புகை வராமல் பார். அந்தப் பெண்ணின் திறமையும் பதிவாக வேண்டிய திறமைதான்.

போர்க்காலத்தைப் பற்றி அவர்களிடம் கேட்கும்போது நிதானம் வேண்டும். 1971 டிசம்பர் 9 இரவு டையூவுக்கு அப்பால் குக்ரி போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். வேறு கப்பலில் இருந்தவர்களின் மனைவிகளும் செய்தி வரும் வரை, சன்னலில் கறுப்புத்தாள் ஒட்டிய இருட்டு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். யார் வந்து சொன்னார்கள், அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் அழுகை கேட்டது என்று அவர்கள் தாமாகச் சொன்னால் எழுதலாம். தோண்டக் கூடாது.

சொன்னதைச் சரிபார்ப்பதும் எழுதுபவரின் கடமை. வயதானவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் ஆண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய தவறுகளை எழுதுபவரும் பேரப்பிள்ளைகளுமே செய்கிறார்கள். கடற்படையில் கப்பல் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். விக்ராந்த் என்ற பெயரில் 1961 மார்ச் 4-ஆம் தேதி பெல்ஃபாஸ்டில் சேர்க்கப்பட்ட கப்பல் ஒன்று, 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி கொச்சியில் சேர்க்கப்பட்ட கப்பல் இன்னொன்று. இரண்டுக்கும் உடலில் எழுதிய எண் ஆர் 11 தான், எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. முன்புறத் தளம் மேல்நோக்கி வளைந்திருந்தால் அது 1971-இல் எடுத்த படமே அல்ல. பழைய விக்ராந்துக்கு அந்த வளைவு 1980-களின் இறுதியில் நடந்த மராமத்தில்தான் வந்தது, அதற்கு முன் தட்டையான தளம். நீலகிரி, குக்ரி, மைசூர், டெல்லி, கல்வரி எல்லாமே இரண்டு தலைமுறைக் கப்பல்கள். 1989-இல் சேர்ந்த குக்ரியின் படத்தை 1971-இல் மூழ்கிய குக்ரியின் கட்டுரையில் போடுவது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் அவமரியாதை.

'1965 போரில் விக்ராந்தில் சண்டை போட்டார்' என்று எழுதக் கூடாது. அப்போது அது பம்பாயில் மராமத்தில் இருந்தது. அந்த வீரர் கப்பலில் இருந்தது உண்மையாக இருக்கலாம். செய்தது உலர்துறை வேலை. அதுவும் கடினமான வேலைதான், அப்படியே எழுதலாம். கராச்சி மீதான முதல் ஏவுகணைத் தாக்குதல் டிசம்பர் 4 இரவு, நிபாத், நிர்காட், வீர் ஆகிய மூன்று படகுகள். இரண்டாவது டிசம்பர் 8 இரவு, விநாஷ். இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

இல்லறப் பகுதிக்கும் இதே சோதனை உண்டு. 1972-இல் கணவரை வழியனுப்ப நாகர்கோவில் ரயில் நிலையத்துக்குப் போனதாக ஒரு கட்டுரையில் வந்தால் அது தவறு. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-இல். பேருந்தில் திருநெல்வேலியோ திருவனந்தபுரமோ போய்த்தான் ரயில் பிடித்திருப்பார்கள். அந்தக் காலத்து விசாகப்பட்டினம் ரயில் டிக்கெட்டில் 'வால்டேர்' என்றுதான் இருக்கும், வேறு ஊர் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

உட்கார்ந்து பேசும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். எந்திரப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குக் காது மந்தமாக இருக்கும். அந்த இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள். மின்விசிறியை அணைத்து, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் நிறுத்திப் பேசுங்கள். கத்தினால் சொல் இன்னும் சிதையும். ஒரு அமர்வு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 'உங்கள் அனுபவம் என்ன?' என்று தொடங்கினால் மேடைப் பேச்சுதான் வரும். பொருளை எடுத்து வைத்துத் தொடங்குங்கள்: தகரப் பெட்டி, பதக்கம், மணியார்டரின் அடித்துண்டு, பழைய படம். மணியார்டர் அடித்துண்டில் தேதி முத்திரையும் இரண்டு வரிச் செய்தியும் இருக்கும். எந்த மாதம் எந்த ஊரில் குடும்பம் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆண்டு நினைவில்லாவிட்டால் 'மூத்தவள் பிறப்பதற்கு முன்பா, பின்பா?' என்று கேளுங்கள். பெண்கள் கணக்கு வைப்பது அப்படித்தான், அது துல்லியமாகவும் இருக்கும்.

கணவரையும் மனைவியையும் ஒரு முறை சேர்த்து, ஒரு முறை தனித்தனியாகப் பேச வைக்க வேண்டும். சேர்ந்து இருக்கும்போது ஐயா பேசுவார், அம்மா காபி கொண்டு வருவார். தனியாக உட்கார்ந்தால்தான் அம்மாவின் கதை வெளியே வரும்.

பதிவு தொடங்கும்போது தேதி, ஊர், பேசுபவர் பெயர், அவருடைய பிரிவு ஆகியவற்றைக் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். பழைய படங்களின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதக் கூடாது, அழுத்தம் முன்பக்கம் தெரியும், மை ஊறும். மென்மையான பென்சில் போதும். சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை மங்கும், பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது, முத்திரையைச் சரிபார்க்க வேண்டிய அலுவலகத்தில் தகராறு வரும். குறியீடுகள், அலைவரிசைகள் போன்றவற்றைக் கேட்கவே வேண்டாம். அவரும் சொல்ல மாட்டார்.

இப்படிப் பெட்டியைத் திறக்கும் நாளில் இன்னொரு வேலையையும் முடித்துவிட வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். திருமணமான புதிதில் செய்யாமல் விட்ட ஒரு பதிவு, 50 ஆண்டு கழித்து அந்த அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தை நிறுத்தி வைக்கும். திருமணம் நடந்ததும் கப்பல் அலுவலகத்தில் 'ஜென்ஃபார்ம்' என்ற படிவம் வழியாகத் தெரிவித்து, மனைவி பெயரைப் பணிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். குழந்தை பிறந்தாலும் அப்படியே. விடுப்பில் வந்து ஊரில் தாலி கட்டி, திரும்பியதும் கப்பல் கிளம்பிவிட்டால் இது தள்ளிப்போகும். பிறகு மறந்தும் போகும். ஏறியிருந்தாலும் பெயரில் கோளாறு இருக்கும். கூப்பிடும் பெயரான 'பாக்கியம்' பதிவேட்டில் ஏறியிருக்கும், ஆதாரில் 'பாக்கியலட்சுமி' என்று இருக்கும். கணவரின் பெயரிலும் முதலெழுத்தை விரித்து எழுதியதில் தந்தை பெயர் முன்னால் வந்திருக்கும், வங்கியில் பின்னால் இருக்கும். பிறந்த தேதியோ, அந்தக் காலத்தில் யாரோ ஒரு எழுத்தர் வயதைக் கேட்டு ஜனவரி 1 என்று போட்டதாக இருக்கும்.

எனவே ஓய்வூதிய ஆணையை எடுத்து, மனைவி பெயர், பிறந்த தேதி இரண்டையும் ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், கணவர் உயிரோடு இருக்கும்போதே அவர் கையெழுத்தில் திருத்தக் கேட்பது எளிது. அவர் போன பிறகு அந்த அம்மா தன்னைத் தானே நிரூபிக்க வேண்டியிருக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இதற்கு வழி சொல்வார்கள். இப்போது ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' என்ற இணையவழி முறைக்கு வந்துவிட்டதால் அங்குள்ள விவரப் பக்கத்தில் மனைவி பெயர் எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிறந்த தேதி ஏன் முக்கியம் என்றால், 80 வயது முடிந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் 100 சதவீதம். குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் இது உண்டு. தேதி பதிவில் இல்லாவிட்டால் கூடுதல் வராது, ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. ஆண்டுதோறும் நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்வுச் சான்றும் தவறக் கூடாது; 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம்.

உடல்நலம் பற்றி ஒன்று. ஆங்கிலேயர் கட்டிய அந்தக் கால நீராவிக் கப்பல்களில் சூடான குழாய்களின் மேல் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) போர்த்தியிருந்தார்கள். மராமத்து நாட்களில் அதைப் பிய்க்கும்போது பறந்த தூசி, வேலைச் சட்டையில் ஒட்டி வீட்டுக்கும் வந்தது. கல்நார் தரும் நுரையீரல் நோய்கள் 20 முதல் 50 ஆண்டு கழித்தும் தலைகாட்டும். அந்தச் சட்டைகளைக் கையால் உதறித் துவைத்த மனைவிக்கும் வரலாம் என்பது மருத்துவ உலகம் அறிந்ததே. நாள்பட்ட இருமலும் மூச்சிரைப்பும் இருந்தால் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் மருத்துவமனையில் 'எந்திர அறையில் இத்தனை ஆண்டு வேலை பார்த்தேன்', 'அந்த உடுப்புகளை நான்தான் துவைத்தேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மருத்துவர் புகைபிடிக்கும் பழக்கத்தை மட்டும்தான் கேட்பார். நினைவுகளைப் பதிவு செய்யும்போது எந்த ஆண்டு எந்தக் கப்பலில், மராமத்தில் இருந்தாரா என்று குறித்து வைத்தால், அந்தத் தாளே மருத்துவருக்கும் உதவும்.

ஆசிரியர் அவர்களிடம் என் கோரிக்கை இதுதான். அடுத்த டிசம்பரில் இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது ஒவ்வொருவருக்கும் சேர்ந்த ஆண்டு, பயிற்சி பெற்ற இடம், பிரிவு, இருந்த கப்பல்கள், எந்தக் காலத்தில் என்ற ஐந்து விவரங்களைக் கட்டாயம் கேட்டுப் போடச் சொல்லுங்கள். மின்பிரிவினர் ஜாம்நகரில் உள்ள 'வல்சுரா' பயிற்சித் தளத்திலும், எந்திரப் பிரிவினர் லோனாவ்லாவில் உள்ள 'சிவாஜி' பயிற்சித் தளத்திலும் பயின்றவர்கள் என்பதால், இந்த ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று உங்கள் செய்தியாளரே பார்த்துவிடலாம். படத்தில் ஐயாவோடு அம்மாவும் இருந்தால், படக்குறிப்பில் 'மனைவியுடன்' என்று விட்டுவிடாமல் அவர் பெயரையும், அந்த ஆண்டுகளில் அவர் குடும்பம் நடத்திய ஊரையும் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடற்படை எந்திரப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்,
தூத்துக்குடி மாவட்டம்.